எச்சில் பரிசோதனையில் வாய்ப்புற்று தெரியுமா? அப்பாவுக்கு எடுக்கலாமா?

அருமனைக்காரன்:
அப்பாவுக்கு 63 வயது, ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பும்போதே வெற்றிலையும் புகையிலையும் வாய்க்குள் போய்விடும். இப்போது இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு ஒன்று. எரிகிறது என்று மீன்குழம்பைத் தள்ளிவைக்கிறார், எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் "சதையை வெட்டிப்போடுவான்" என்று வர மறுக்கிறார். பக்கத்து லேபில், குப்பியில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும், புற்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம் என்கிறார்கள். அதற்கு மட்டும் அப்பா சம்மதம். எடுக்கலாமா?

களியக்காவிளை ரசிகன்:
துப்புவதில் என்ன நஷ்டம், எடுங்க தம்பி. புராஸ்டேட் புற்றுக்கே எச்சில் டெஸ்ட் வந்துவிட்டது என்று 2025-இல் செய்தி பார்த்தேன்.

பாறசாலை அக்கா:
ரசிகன் தம்பி, அது வேறு சங்கதி. பிரிட்டனில் 55 முதல் 69 வயது ஆண்களிடம் நடந்த ஆய்வு அது. எச்சிலில் இருந்து டிஎன்ஏவை எடுத்து, பிறவியிலேயே வந்த 130 மரபணு மாற்றங்களைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். கட்டி இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அருமனைத் தம்பி, நான் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். முறுக்கான் (வெற்றிலை, பாக்கு, புகையிலை) போடும் வாய்கள் தினமும் பார்ப்பவைதான். வாய்ப்புற்று எச்சிலில் தெரியும் என்பது வெறும் கதை இல்லை. புண் இருக்கும் இடத்தை எச்சில் நனைத்துக்கொண்டே இருப்பதால் அதன் செல்களும் புரதங்களும் அதில் கலக்கும். கலிஃபோர்னியாவில் டேவிட் வாங் குழு இன்டர்லூக்கின்-8 போன்ற புரதங்களையும் ஆர்என்ஏ துணுக்குகளையும் இப்படித்தான் தேடியது. ஆனால் ஈறு வீங்கினாலும் அதே இன்டர்லூக்கின் ஏறும், புற்று இல்லாமலே இருப்பதாகக் காட்டிவிடலாம். வெற்றிலை போடுபவர்களில் ஈறு நன்றாக உள்ளவரை நான் பார்ப்பதே அபூர்வம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்தான். "லேபே சொல்லியாச்சு" என்று அப்பா அடுத்த வெற்றிலையை மடிப்பார். ஒன்றும் கண்ணுக்குத் தெரியாதவருக்கு என்றாவது இந்த டெஸ்ட் பயன்படலாம். அப்பாவுக்குத் திட்டே தெரிகிறதே! எச்சில் எதைச் சொன்னாலும் அதை டாக்டர் பார்க்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் பயாப்சியும், அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதும், செய்ய வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசிமணி அளவுக்குத்தான் எடுப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றும் இல்லை. சிவப்பு கலந்திருந்தால் டாக்டர் இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

எங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே 1996-இல் டாக்டர் சங்கரநாராயணன் குழு ஒரு ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குப்பியும் இல்லை, லேபும் இல்லை.

இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். திட்டு துடைத்தால் போகிறதா? அவருடைய மூன்று விரல் நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைகிறதா?

அருமனைக்காரன்:
துடைத்தால் போகவில்லை அக்கா. இரண்டு விரல்தான் நுழைகிறது. பயந்துபோய் அவரே புகையிலையை விட்டுவிட்டார். இனி வெறும் பாக்கும் வெற்றிலையும்தானாம்.

பாறசாலை அக்கா:
பாக்கையும் விடச் சொல்லுங்கள் மக்களே. புகையிலை சேராத பாக்கும் புற்று தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ சொல்லிவிட்டது. மூன்று விரல் நுழையாமல் வாய் இறுகுவது பெரும்பாலும் பாக்கு வேலைதான், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து விறைத்துவிடும். இறுகியதை முழுசாகப் பழையபடி ஆக்குவது கஷ்டம். துடைத்தும் போகாத திட்டையும் இந்த இறுக்கத்தையும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியோ, எது வசதியோ அங்கே.

அருமனைக்காரன்:
சரி அக்கா, திங்கள்கிழமை திருவனந்தபுரம் போகிறோம். அரிசிமணி என்றதும் அப்பா ஒத்துக்கொண்டார். லேபில் வேண்டாம் என்று சொன்னேன், பாதி விலைக்குத் தருகிறோம் என்கிறார்கள்.