மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும் அப்பாவின் மணிக்கூடு

வணக்கம் உறவுகளே, திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அப்பா சவூதியில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ரேடியோ மணிக்கூடு ஒன்று வீட்டில் இருக்கிறது. சிவப்பு இலக்கங்களில் நேரம் காட்டும் பழைய வகை, கரண்டில் ஓடுவது. பெட்டியில் கிடந்ததைப் போன மாதம்தான் எடுத்து வைத்தோம்.

ரேடியோ அருமையாக வேலை செய்கிறது. நேரம் மட்டும் பின்தங்குகிறது. காலை 6 மணிக்குச் சரியாக வைத்தால், மறுநாள் காலை 6 மணிக்கு 2:00 என்று காட்டுகிறது. அதாவது மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கரண்ட் போனால் நேரம் அழியாமல் இருக்கப் போடும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றினேன். வேறு பிளக்கில் போட்டேன். அக்கா வீட்டுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் அதேதான். கடையில் கொடுத்தால் “இது பழசு, விட்டுவிடுங்கள்” என்கிறார்கள். அப்பா தினமும் அதைப் பார்த்துத்தான் எழும்புவார், விட மனமில்லை.

அப்புறம்தான் விளங்கியது: சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு), இலங்கையில் 50. இது மின்சாரத்தின் அதிர்வை எண்ணித்தான் நேரம் கணக்கிடுகிறது. அறுபது எண்ண வேண்டிய இடத்தில் ஐம்பதுதான் கிடைக்கிறது, அதனால் அறுபது நிமிடம் ஐம்பதாகிவிடுகிறது.

பின்பக்கத்தில் 50/60 சுவிட்ச் எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன்; உள்ளே 28 கால் உள்ள ஐசி (மின்னணுச் சில்லு), எல்எம்8560 என்று எழுதியிருக்கிறது.

இந்த ஐசியை 50 ஹேர்ட்ஸுக்கு மாற்ற எந்தக் காலை எதனுடன் இணைக்க வேண்டும்?