ஓவர்செட் மெஷ்: ‘மேற்பொருந்து வலை’யா, ‘வேய்வலை’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பம்பு, காற்றாலை போன்ற பாய்மப் பொறிகளைக் கணினியில் உருவகப்படுத்தும்போது வரும் ‘ஓவர்செட் மெஷ்’ என்பதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: மேற்பொருந்து வலை, யாளி வலை, அடுக்கு வலை. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

முதலில் பொருள். ஒரு பம்புக்குள் நீர் எப்படிப் பாய்கிறது என்று கணிக்க, அந்த இடம் முழுவதையும் சிறு கண்களாகப் பிரித்து (இந்தக் கண்களின் தொகுப்பே வலை, அதாவது மெஷ்), கண்ணுக்குக் கண் அழுத்தமும் திசைவேகமும் காண்கிறோம். மையவிலக்குப் பம்பின் சுழலி ஒரே அச்சில்தான் சுற்றுகிறது; அதைச் சுற்றி உருளைபோல ஓர் எல்லை வகுத்து, உள்வலை சுழல வெளிவலை நிற்கும்படி செய்தால் போதும். பற்சக்கரப் பம்பில் ஒரு சக்கரத்தின் பல் மற்றதன் பள்ளத்துக்குள் நுழைகிறது. அங்கே எந்த உருளையை வரைவது? நிலைக்குத்து அச்சுக் காற்றாலையில், சில வடிவமைப்புகளில், அலகு, அதாவது காற்றாலையின் இறக்கை, வட்டமடித்துக்கொண்டே தன் சாய்வையும் மாற்றுகிறது. வலையை இழுத்து வளைத்து ஈடுகட்டப் பார்த்தால் கண்கள் கோணிப்போய், கடைசியில் ஒரு கண்ணின் கன அளவே எதிர்க்குறியாகிக் கணிப்பு நின்றுவிடும்.

இந்த முறை அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அலகின் உருவத்தோடு ஒட்டிய நேர்த்தியான வலை ஒன்று. பொறியின் வெளிக்கூடு முழுவதையும் நிரப்பும் வலை இன்னொன்று. இரண்டையும் தைப்பதில்லை. முன்னது பின்னதன்மேல் கிடந்தபடி அலகோடு சேர்ந்து நகர்கிறது, தன் உருக்குலையாமல். ஒவ்வொரு காலப்படியிலும் (கணிப்பு காலத்தில் முன்னேறும் ஒவ்வொரு சிறு அடியிலும்), அலகின் உடலுக்குள் அகப்பட்ட அடிவலைக் கண்கள் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. ஓரத்துக் கண்கள் எதிர்வலையில் தமக்கு நேராகக் கிடக்கும் கண்களிலிருந்து இடைச்செருகல் வழியாக, அதாவது அக்கம்பக்கத்து மதிப்புகளைக் கொண்டு இடைமதிப்பைக் கணித்து, மதிப்பைப் பெறுகின்றன.

இப்போது சொற்கள். ‘மேற்பொருந்துதல்’ என்பதை நம் இயற்பியல் பாடநூல்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. இரண்டு அலைகள் சந்திக்கும்போது இடப்பெயர்ச்சிகளைக் கூட்டுகிறோமே, அதுதான் அங்கே மேற்பொருந்துதல். அதைப் படித்து வரும் மாணவர், இரு வலைகளின் விடைகளையும் கூட்டவேண்டும் என்றுதான் நினைப்பார். இங்கே கூட்டலே இல்லை. வலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பட்டையில் இரண்டுக்கும் தனித்தனி விடை உண்டு. அவை ஒத்துப்போகவேண்டும், அவ்வளவே.

‘யாளி’ அழகான சொல், மறுக்கவில்லை. ஸ்டீகர், டாகர்ட்டி, பெனெக் மூவரும் 1983-இல் இம்முறைக்கு ‘கிமேரா’ என்று பெயரிட்டார்கள்: சிங்கத் தலை, ஆட்டு உடல், பாம்பு வால் கொண்ட கிரேக்கப் புராண விலங்கு. அதற்கு யாளி மிகப் பொருத்தமான ஈடு. ஆனால் பல உடல்கள் ஒட்டிய உருவம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்த முறையின் உயிர் ஒட்டாமல் இருப்பதில் இருக்கிறது. ‘அடுக்கு’ என்பதை, சுவரையொட்டி நாம் இடும் மெல்லிய கண்வரிசைகளுக்கே விட்டுவைக்கலாம்.

என் முன்மொழிவு: வேய்வலை. ஓலை வேயும்போது மேலோலையின் அடி, கீழோலையின் தலைமேல் ஏறிக் கிடக்கிறது. இரண்டும் ஒட்டப்படாமலே நீர் ஒழுகாமல் இருப்பது அந்த ஏற்றத்தால்தான். தவிர, இது வினைத்தொகை. வேய்ந்த வலை, வேய்கின்ற வலை, வேயும் வலை என முக்காலமும் அடக்கம். ஒவ்வொரு காலப்படியிலும் புதிதாக வேயப்படும் வலைக்கு இதைவிட ஒத்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

கிளைச் சொற்கள்: கீழே கிடப்பது அடிவலை, உறுப்போடு நகர்வது உறுப்பு வலை, இரண்டும் சேர்ந்து கிடக்கும் பகுதி வேய்பட்டை. மதிப்பைத் தரும் கண் கொடுகண், பெறும் கண் கொள்கண். கண்களை விலக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘துளை வெட்டுதல்’ என்கிறார்கள். எதுவும் வெட்டப்படுவதில்லை என்பதால் கண்மூடல் என்கிறேன். கொடுப்பார் கிடைக்காமல் நிற்கும் கண்ணை அனாதைக் கண் எனலாம்.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

* * *

தம்பிக்கு வணக்கம்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல, தமிழ் கற்பித்தவள். ஆனாலும் உங்கள் விளக்கத்தால் பொருள் பிடிபட்டது. சில தடைகள்.

> மதிப்பைத் தரும் கண் கொடுகண்

இதை விட்டுவிடுங்கள். ‘கொடு’ என்பதற்கு வளைந்த, கொடிய என்ற பொருள்களும் உண்டு. கொடுவாள், கொடுவிலங்கு என்று பழகியவர்கள் இதைக் கொடிய கண் என்றே படிப்பார்கள். ‘தருகண்’ என்று மாற்ற நினைத்தால் அதுவும் வேண்டாம், காதில் ‘தறுகண்’ (அஞ்சாமை, கொடுமை) என்றே விழும். கணினித் தமிழில் ‘சர்வர்’ என்பதற்கு வழங்கி என்ற சொல் நிலைத்துவிட்டது. அந்தத் தடத்திலேயே வழங்குகண், பெறுகண் என்று வைத்தால் யாருக்கும் தடுமாற்றம் வராது.

> அனாதைக் கண்

இது ஆங்கிலத்தின் உருவகம். நமக்கு அது தேவையில்லை. பெறவேண்டிய கண் பெறவில்லை, அதுதானே செய்தி? பெறாக்கண் என்று எதிர்மறைப் பெயரெச்சமாகச் சொல்லுங்கள். பெறுகண், பெறாக்கண் என இணையாக நிற்கும்.

வேய்வலையில் எனக்கு இரண்டு ஐயங்கள். வேய் என்றால் மூங்கில் என்றும் பொருள் உண்டே, மாணவர் மூங்கில் வலை என்று கொள்ளமாட்டாரா? இரண்டாவது: ஒழுகாமையைக் காட்டித்தான் இந்தச் சொல்லை நியாயப்படுத்துகிறீர்கள். உங்கள் முறை உண்மையிலேயே ஒழுகாததா?

* * *

அம்மா, வணக்கம்.

வழங்குகண், பெறுகண், பெறாக்கண் மூன்றையும் அப்படியே ஏற்கிறேன். கொடுகண்ணின் அந்தப் பொருள் எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

மூங்கில் என்ற பொருள் இன்று பேச்சில் இல்லை; வேய்தல் என்ற வினையோ ‘கூரை வேய்ந்தார்கள்’ என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்னும் பின்னும் வலை, கண், பட்டை என்று வரும்போது குழப்பம் நேராது என்றே நம்புகிறேன்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நேர்மையாகச் சொன்னால், முழுக்க ஒழுகாதது அல்ல. ஒரே வலைக்குள் ஒரு கண்ணை விட்டு வெளியேறும் நிறை, அடுத்த கண்ணுக்குள் அப்படியே நுழைகிறது, கூட்டிப்பார்த்தால் சமன்படும். இடைச்செருகலில் நாம் கடத்துவது மதிப்புகளை, பாயத்தை (எல்லையைத் தாண்டிப் பாயும் அளவை) அல்ல. ஆகவே வேய்பட்டையைத் தாண்டும்போது நிறை சிறிதளவு கூடவோ குறையவோ செய்யும். திறந்த வெளியில் அது பெரிதாகத் தெரியாது. மூடிய அறையில், அமுக்கமுடியாத திரவத்தில், அதுவே பெரும்பாடாகிவிடும். நான் செய்த ஒரு பற்சக்கரப் பம்புக் கணிப்பில், பற்களுக்கிடையே சிறைப்பட்ட திரவத்தின் அழுத்தம் படிக்குப்படி எகிறி விழுந்தது. பம்பிலேயே அப்படியோர் அதிர்வு இருக்கிறதென்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் இரண்டே கண்கள் விட்டிருந்ததும், அடிவலையின் கண்கள் உறுப்பு வலையின் கண்களைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்ததும்தான் காரணம். இடைவெளியில் நான்கைந்து கண்களாவது இருக்கும்படியும், வேய்பட்டையில் இரு வலைகளின் கண்ணளவும் ஏறத்தாழ ஒன்றாகும்படியும் செய்தபின் எகிறல் பெரிதும் அடங்கியது.

ஓலையும் அப்படித்தானே? ஏற்றம் போதாமல் வேய்ந்தால் ஒழுகும். அதனால் இந்தச் சொல் முறையின் வலிமையோடு அதன் நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வி வராவிட்டால் இது எனக்குப் புலப்பட்டிருக்காது.

கண்மூடலைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அலகு நகர்ந்ததும், மூடியிருந்த கண் மீண்டும் திறக்கிறது. அந்தக் கண்ணுக்கு முந்தைய காலப்படியின் மதிப்பு இல்லை. கால வகைக்கெழுவை, அதாவது காலத்தோடு மதிப்பு மாறும் வீதத்தை, கணிக்க வழியில்லாமல் போகும். அதனால்தான் ஒரு காலப்படியில் ஒரு கண்ணளவுக்கு மேல் உறுப்பு நகரக்கூடாது என்கிறோம். மூடிய கண் முதலில் பெறுகண்ணாகி, பிறகே கணிக்கும் கண்ணாகவேண்டும். இந்த நிகழ்வைக் கண்திறப்பு என்று குறிக்கலாமா?

மாற்றுக் கருத்து வராவிட்டால், நான் மொழிபெயர்த்துவரும் கையேட்டில் இவற்றைப் பயன்படுத்திப் பார்க்கிறேன். ஒரு பிழைச்செய்தியை மட்டும் இப்போதே பெயர்த்துப் பார்த்தேன்:

“வேய்பட்டையில் 14 பெறாக்கண்கள் உள்ளன. அடிவலையின் கண்ணளவைக் குறைக்கவும், அல்லது உறுப்பு வலையை அகலமாக்கவும்.”