பழைய சிறு பாய்மரப் படகுகளில் நடுப்பலகையைத் தூக்கும் அமைப்பு: எங்கள் அனுபவங்கள்

என்னிடம் இருப்பது 1970களில் கட்டப்பட்ட, ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதன் அடியில் இருப்பது, படகு காற்றில் பக்கவாட்டில் ஒதுங்காமல் தடுக்க நீருக்குள் இறக்கும் வெறும் நடுப்பலகை அன்று. படகு கவிழாமல் காக்கும் எடையாகவும் பயன்படும் வார்ப்பிரும்புக் கீல் (keel). அதன் முன்முனை ஓர் அச்சாணியில் கோத்திருக்கிறது, பின்முனை மேலும் கீழும் ஆடுகிறது. பின்முனையில் மாட்டிய எஃகுக் கம்பி வடம் ஒரு குழாய் வழியாக மேலேறி, அறை வாசலுக்கு அருகிலுள்ள கை வின்ச்சில், அதாவது கைப்பிடியால் சுழற்றும் உருளையில், சுற்றிக்கொள்கிறது. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த கட்டலினா 22 படகைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாக இருக்கும். அதன் ஆடுகீல் சுமார் 250 கிலோ எடை கொண்டது. கீலை இறக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும், தூக்கினால் அறுபது சென்டிமீட்டர் போதும்.

கீல் நேராகத் தொங்கும்போது அதன் எடை முழுவதையும் அச்சாணியே தாங்குகிறது. வடத்துக்கு அநேகமாக வேலையில்லை. கீல் கிடைநிலையை நெருங்க நெருங்க எடை வடத்தின் மேல் சாய்கிறது. கீலின் எடைமையத்தைப் போல இரு மடங்கு தொலைவில் வடம் மாட்டப்பட்டிருப்பதாகக் கொண்டால், முழுவதும் தூக்கிய நிலையில் கீலின் பாதி எடை, அதாவது 250 கிலோ கீலுக்கு 125 கிலோ, அந்த ஒற்றை வடத்தில் தொங்குகிறது. கைப்பிடியின் கடைசிச் சுற்றுகள் கனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கீலைத் தூக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நாம் கரைக்குப் போய்விடும் நேரத்தில்தான் வடம் மிக அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பழைய படகு வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் படகை வாங்கியபோது, வின்ச்சில் சுற்றியிருந்த பகுதியில் வடம் புதியதைப் போல மின்னியது. விற்றவரும் அதைத்தான் எனக்குக் காட்டினார். கீலை இறக்கிக் கழற்றிப் பார்த்தபோது, கீழ்முனையில் வடத்தை வளையமாக மடக்கி நசுக்கிப் பிடித்திருந்த உலோக உறையின் வாயிலேயே இழைகளில் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. துருப்பிடிக்காத எஃகு தன்னைக் காத்துக்கொள்வது மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தால்தான். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் தேவை. உறைக்குள் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், வெளியே பளபளக்கும் அதே வடம் உள்ளே அரிக்கப்படுகிறது. அந்த உறை அலுமினியமாக இருந்தால் உறையும் உப்புநீரில் வேகமாகக் கரையும். துத்தநாகமோ வெள்ளீயமோ பூசிய செம்பு உறையையே கேட்டு வாங்குங்கள். வடம் ஏழு புரிகளும் புரிக்குப் பத்தொன்பது இழைகளும் கொண்ட வளைந்துகொடுக்கும் வகையாக இருக்கட்டும். பாய்மரத்தைத் தாங்கும் விறைப்பான கம்பியைக் கப்பியில் ஓட்டினால் அது விரைவில் இழையிழையாக உடையும். கப்பி மிகச் சிறியதாக இருந்தால் நல்ல வடமும் அப்படியே உடையும்.

ஆனால் வடத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது ரப்பர்க் குழாய். என் படகில் வடம் உடற்பகுதியைத் துளைத்து மேலேறும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து மேலே செல்லும் குழாயை இணைப்பது ஒரு சாண் ரப்பர்க் குழாயும் இரண்டு கவ்விகளும் மட்டுமே. படிக்கட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. விரலால் அழுத்தியதும் ரப்பர் வெடித்தது. அது கிழிந்தால் படகுக்குள் கடல்தான். வின்ச்சை மாற்றுவதற்கு முன்பே இதை மாற்றுங்கள், ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு கவ்வி போடுங்கள் என்று பழைய ஆடுகீல் படகு வாங்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன்.

*

மேலே நண்பர் எழுதியது எடை மிகுந்த கீலைப் பற்றியது. என் படகு திறந்த சிறு படகு. அதில் வின்ச் கிடையாது. எஃகுத் தகட்டுப் பலகையை ஆறுக்கு ஒன்று என்ற கப்பித் தொகுதியால் தூக்குகிறேன். கணக்குப்படி ஆறில் ஒரு பங்கு விசை போதும் என்றாலும், ஒவ்வொரு கப்பியிலும் உராய்வு சிறிது தின்றுவிடுவதால், உப்பேறிய பழைய கப்பிகளில் அந்த ஆதாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கப்பிகளைப் புதுப்பித்த பிறகு கையில் தெரிந்த வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நான் பகிர விரும்புவது பலகை சிக்கிக்கொள்வதைப் பற்றி. சரளைக் கரையில் படகை ஏற்றி நிறுத்தினால், பலகைக்கும் அது மேலேறி அடங்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய பிளவில் கூழாங்கற்கள் ஏறிவிடுகின்றன. மறுபடி நீரில் இறக்கிக் கயிற்றைத் தளர்த்தினால் பலகை அசைவதில்லை. கயிறு மட்டும் தொய்ந்து நிற்கிறது. அந்தத் தொய்வைக் கவனிக்காமல் கயிற்றை விட்டுக்கொண்டே போவது பேராபத்து, ஏனெனில் கல் நழுவும் கணத்தில் பலகை தடையின்றி விழுந்து கூட்டின் முனையில் மோதும். என் படகுக் கூட்டின் மேல்மூடியில் கயிற்றுத் துளைக்கு அருகே இன்னொரு துளை இருக்கிறது. முதலில் தொய்வை முழுவதும் இழுத்துக் கட்டிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு மரக்கோலை நுழைத்துப் பலகையின் முதுகில் தள்ளுவேன். படகைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு தள்ளினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். அத்தகைய துளை இல்லாத படகில் ஒன்றைச் செய்து, நீர் தெறிக்காதபடி அடைப்பான் போட்டுவைப்பது நல்லது.

கல் இல்லாமலும் பலகை சிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், சுரண்டிப் பூசாமல் விட்ட தகடு ஆண்டுக்கு ஆண்டு தடித்துக் கூட்டை நிறைக்கிறது. மரப்பலகையானால் ஊறிப் பருத்துவிடுகிறது.

பலகையைக் கீழ்நிலையில் பூட்டுவது பற்றியும் ஒரு சொல். நேராக மேலும் கீழும் நகரும் கீல்களைக் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ஜான் ஷாங்க் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார். 1798இல் கட்டப்பட்ட லேடி நெல்சன் கப்பலில் அத்தகைய கீல்கள் மூன்று இருந்தன. அச்சாணியில் சுழலும் பலகைக்கு 1811இல் அமெரிக்காவில் ஸ்வெய்ன் குடும்பத்தினர் காப்புரிமை பெற்றனர். சுழலும் பலகையின் பெரிய நன்மை, தரை தட்டினால் தானே மடங்கி மேலேறுவது. இரும்பு ஆணியால் அதைப் பூட்டிவிட்டால் அந்த நன்மையை நாமே அழிக்கிறோம். என்னுடையதைப் போன்ற இலகுவான பலகையை, அடி வாங்கினால் அறுந்துவிடக்கூடிய மெல்லிய கயிற்றால் கீழே கட்டிவைப்பதே சரி. 250 கிலோ கீலுக்கு நிலைமை வேறு. படகு பக்கவாட்டில் படுத்துவிட்டால் அந்தக் கீல் கூட்டுக்குள் திரும்ப விழுந்துவிடக் கூடாது. ஆகவே ஆழ்கடலில் அதைப் பூட்டியும், ஆழம் குறைந்த நீரில் திறந்தும் வைப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

*

பூட்டுவது குறித்து மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். கம்பி வடத்துக்குப் பதிலாக டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு போட்டவன் என்ற முறையில் ஒன்றிரண்டு செய்திகள்.

இழைக்கயிற்றுக்கு அரிப்பு இல்லை, கையைக் குத்தும் உடைந்த இழைகளும் இல்லை. அந்த அளவில் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஆனால் அது மிகவும் வழுக்கும். சாதாரண முடிச்சு சுமையில் மெல்ல நழுவிவிடுகிறது. முனையைக் கயிற்றுக்குள்ளேயே நீளமாகப் புதைத்துப் பின்ன வேண்டும். வின்ச் உருளையில் எப்போதும் சில சுற்றுகள் மீதமிருக்கும்படி நீளத்தை வைக்க வேண்டும். பழைய கம்பி, குழாயின் வாயில் கூர்மையான பள்ளங்களை அறுத்து வைத்திருக்கும். அவற்றை அராவி வழவழப்பாக்காமல் புதுக் கயிற்றைப் போட்டால், என் முதல் கயிற்றுக்கு நேர்ந்ததைப் போல, ஒரே பருவத்தில் அறுபடும்.

வின்ச்சையும் பாருங்கள். பல பழைய படகுகளில் பல்சக்கரமும் கொக்கியும் மட்டும் உள்ள, படகை இழுவண்டியில் ஏற்றப் பயன்படும் டிரெய்லர் வின்ச்சை மாட்டியிருக்கிறார்கள். கொக்கியை விடுவித்துக் கீலை இறக்கும்போது கைப்பிடி கைநழுவினால் அது சுழலும் வேகம் மணிக்கட்டை முறிக்கப் போதுமானது. கைப்பிடியை விட்டாலும் சுமையைத் தானே பிடித்து நிறுத்தும் உராய்வு பிரேக் கொண்ட வின்ச்சை வாங்குங்கள். பராமரிக்கும்போது பற்களுக்கும் அச்சுக்கும் மட்டும் மசகிடுங்கள். பிரேக் தட்டுகளில் ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது.

கீலைக் கழற்றப் போகிறவர்கள், அது வடத்தில் தொங்கும்போது அடியில் நுழையவே வேண்டாம். கனமான மரக்கட்டைகளின் மேல் கீலை முழுவதும் அமர்த்தி, வடம் தொய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அச்சாணியைத் தட்டுங்கள். கழற்றிய கையோடு ஆணித்துளையையும் அளந்துவிடுங்கள்; நங்கூரமிட்டிருக்கும் இரவுகளில் அடியிலிருந்து கேட்கும் தட்டோசைக்குப் பெரும்பாலும் நீள்வட்டமாகத் தேய்ந்துபோன அந்தத் துளையே காரணம், அதைத் துளைத்துப் பெரிதாக்கிப் புதிய புஷ் (துளைக்குள் செருகும் குழல் உறை) பொருத்தினால் ஓசை நின்றுவிடும்.