வீட்டுக்குள்ளேயே அடிமையாக இருந்தவர்கள்: கிருபையை அறிந்த நாளைப் பற்றிச் சில பகிர்வுகள்

சபையில் சொல்லும் சாட்சி என்றாலே வெளியே அலைந்தவர் உள்ளே வந்த கதையைத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். நான் எப்போதும் உள்ளேயே இருந்தவள். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு எதையும் விட்டதில்லை. ஆனாலும் 34 வயதுவரை எனக்கு விடுதலை தெரியாது. என்னைப் போன்றவர்கள் வேறு யாரேனும் இருக்கிறீர்களா என்று அறியவே இதை எழுதுகிறேன்.

பதினாறு வயதில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் நான்கு கட்டங்கள்: ஜெபித்த நிமிடங்கள், வாசித்த அதிகாரங்கள், கோபப்பட்ட தடவைகள், சொன்ன பொய்கள். முதல் இரண்டும் ஏற வேண்டும், மற்ற இரண்டும் இறங்க வேண்டும். 18 ஆண்டுகளில் பதினொரு நோட்டுகள் நிரம்பின. நல்ல நாளில் உள்ளுக்குள் ஒரு கர்வம், கெட்ட நாளில் ஒரு நடுக்கம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் உடனே முந்தைய வாரத்தின் பக்கங்களைப் புரட்டுவேன். எந்தக் கட்டத்துக்கான தண்டனை இது என்று தேடுவேன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் 2:8 எனக்கு மனப்பாடம். அது என்னைப் பற்றிய வசனம் என்று மட்டும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப்போனது, பேச்சும் நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஜெபிக்க உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். மூன்று வாரங்கள் நோட்டைத் திறக்கவே முடியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஏதோ பெரிய அடி விழப்போகிறது என்ற பயத்துடனேயே நடமாடினேன்.

ஒரு விடியற்காலையில் அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதார். பேச்சில்லாததால் கண்ணால்தான் சொல்ல முடிந்தது, உனக்கு என்னால் எவ்வளவு சிரமம் என்று. "என்னப்பா இது, நீங்கள் என் அப்பா இல்லையா?" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. அவரால் கையைத் தூக்கக்கூட முடியாத அந்த வேளையில் அவர்மேல் எனக்கிருந்த பாசம் குண்டுமணி அளவும் குறையவில்லை. அவர் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றபோதுதான் உறைத்தது: தேவனுக்கு முன்னால் இந்தப் படுக்கையில் கிடப்பது நான். இத்தனை ஆண்டுகளும் என்னைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அன்று மாலை லூக்கா 15-ஐ, கெட்ட குமாரன் உவமையை, எடுத்தேன். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய மகன் திரும்பி வரும்போது மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வருகிறான். மூன்றாவது, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது. தகப்பனுக்கு முன் நிற்கும்போது அந்த மூன்றாவது வாக்கியம் அவன் வாயிலிருந்து வருவதே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரிடம் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நான் 18 ஆண்டுகளாகத் தினமும் எழுதிக்கொண்டிருந்தது அந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான்.

மூத்தவன் பேசுவது அதைவிடக் குத்தியது. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்கிறான். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அடிமையாக உழைப்பதைக் குறிக்கும் வினை. வீட்டைவிட்டு ஒருநாளும் போகாதவன் தன்னை அடிமையாகவே எண்ணி வாழ்ந்திருக்கிறான். அவனுக்கும் தகப்பன் சொல்லும் முதல் சொல் "மகனே" என்பதுதான்.

கண்ணீரோ பரவசமோ எதுவும் இல்லை. அன்றிரவு தூங்கினேன், அவ்வளவுதான். பயமில்லாமல் தூங்குவது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

*

சகோதரி, உங்கள் நோட்டைப் போலவே என் கழுத்திலும் ஒன்று மாட்டியிருந்தது. என் விஷயத்தில் அது சாட்சி.

நான் குடிகாரனாக இருந்தவன். ஓர் உபவாசக் கூட்டத்தின் முடிவில் முழங்காலில் நின்றேன். மனம் உடைந்தது உண்மை, மாற்றம் வந்ததும் உண்மை. இரண்டே வாரத்தில் என்னை மேடையேற்றினார்கள். "கர்த்தர் என்னை முற்றிலும் விடுவித்தார்" என்றேன். சபையே கைதட்டியது. நான்காவது மாதத்தில் மறுபடியும் விழுந்தேன்.

விழுந்ததைவிட அதற்குப் பின் வந்ததுதான் கொடுமை. முன்பு குடித்தபோது நான் வெறும் பாவி. இப்போது கைதட்டு வாங்கிய பொய்யன். எப்படிப் போய் நிற்பது? ஏழு மாதங்கள் ஆலயத்தின் பக்கமே போகவில்லை.

தேடி வந்தவர் சபை மூப்பர் ஒருவர். அவர் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரோமர் எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசித்தார். கிறிஸ்து இயேசுவுக்கு உட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற இடம். பிறகு, "தம்பி, நீங்கள் மேடையில் சொன்னது பொய்யில்லை. விடுவித்தவர் இன்னும் வேலையை நிறுத்தவில்லை" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் மறுநாளே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன், ஏழு மாதம் ஒளிந்துகொள்ளவில்லை. மருத்துவ சிகிச்சையும் எடுத்தேன்; அதையும் கிருபையின் கையாகவே பார்க்கிறேன்.

ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டனின் வாழ்க்கையை அந்த மூப்பர்தான் எனக்குச் சொன்னார். 1748-இல் நடுக்கடல் புயலில் தேவனை நோக்கிக் கதறியவர், அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போய்க்கொண்டிருந்தார், கேப்டனாகவும் இருந்தார். உலகமே பாடும் "அமேசிங் கிரேஸ்" என்ற கிருபைப் பாட்டை 1773 புத்தாண்டு நாளுக்காக எழுதினார். அடிமை வணிகத்துக்கு எதிராகத் தம் அறிக்கையை அவர் வெளியிட்டது 1788-இல்தான். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். அந்தக் கப்பல்களில் விலங்கிடப்பட்டிருந்தவர்களை நினைத்தால் அந்தத் தாமதத்தை என்னால் லேசாகப் பேச முடியவில்லை. ஆனால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று யாரிடமும் நான் இனி கேட்கமாட்டேன். புதிதாக வந்தவரை இரண்டே வாரத்தில் மேடையேற்றாதீர்கள், தயவுசெய்து.

*

நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்கிறோம்.

எனக்கு வந்தது பாவசங்கீர்த்தன நோய் என்றே சொல்ல வேண்டும். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, பாவமன்னிப்பு பெற்று வெளியே வருவேன். படி இறங்குவதற்குள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்துவிடும். திரும்பவும் வரிசையில் நிற்பேன். இந்த மனவேதனைக்கு இலத்தீனில் உள்ள சொல் சிறு கூர்கல்லைக் குறிப்பது. செருப்புக்குள் கல் மாட்டிக்கொண்டு நடந்தவர்களுக்குப் புரியும், வழி நெடுகக் காலைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது.

என் பங்குத்தந்தை ஒருநாள் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது அவரும் பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனாராம். மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தைத் தவிரப் பழையதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். இறைவன் தம் இரக்கத்தால் தம்மை விடுவித்தார் என்றே அவர் அதை நம்பினார். எனக்கும் தந்தை அதே கட்டளையைத்தான் கொடுத்தார், கூடவே மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். கீழ்ப்படிந்தேன். முதல் மாதம் நரகம்போல இருந்தது. பிறகு ஒருநாள் திருப்பலி முடிந்து நேராக வீட்டுக்கு நடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

மீட்பு அருளால்தான், நம் தகுதியால் அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கின்றன. இந்த விஷயத்தில் நாம் ஒரே குரலில் பேச முடிகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

*

எல்லோருடைய பகிர்வையும் வாசித்தேன். ஒரு கேள்வி. எனக்கு அந்த நாள் வரவே இல்லை. விசுவாசிக்கிறேன் என்று சொல்கிறேன். உள்ளே எதுவும் அசைவதில்லை. பிறர் சாட்சி சொல்லும்போது வெளியே எழுந்து போய்விடலாம்போல இருக்கிறது. எனக்கு மட்டும் கிருபை கொடுக்கப்படவில்லையா?

*

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, ஆனால் உங்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் (தொடங்கியவள் நான்தான்).

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை எல்லோரும் 1738 மே 24-ஆம் தேதிக்காகவே நினைக்கிறார்கள். லண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டபோது, தம் உள்ளம் விசித்திரமாக அனல்கொண்டதை உணர்ந்ததாக அவர் குறித்திருக்கிறார். அதே நாட்குறிப்பில் 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். எட்டு மாதங்கூட ஆகவில்லை. அனல் அடங்கிப்போயிருந்தது. ஆனாலும் அவர் போவதை நிறுத்தவில்லை. அவருக்கு முன்னால் இன்னும் ஐம்பதாண்டுப் பிரசங்கப் பணி இருந்தது.

நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பனைப் பாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். போய் முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான். உணர்ச்சியை ஐந்தாவது கட்டமாக்கி நோட்டில் சேர்த்துவிடாதீர்கள். அந்த நோட்டு எனக்கு நன்றாகத் தெரியும்.

*

என்னுடையது மன்னிப்பு. கூட்டாளியாக இருந்தவர் கணக்கில் ஏமாற்றினார். ஒன்பது ஆண்டுகள் அவர் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

மத்தேயு 18-இல், தன் பெருங்கடனை ராஜா தள்ளிவிட்ட பிறகும் தனக்குக் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கும் கடன்காரனைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 நாள் கூலி. அவன் பட்டிருந்தது பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடி நாள் கூலி. எத்தனை பிறவி உழைத்தாலும் தீராது. உடன் வேலைக்காரன் அவனுக்குத் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் கூலி. இங்கேதான் நான் நின்றேன். நூறு நாள் கூலி சிறிய தொகை அல்ல. எனக்கு நடந்ததை ஒன்றுமில்லை என்று இயேசு தள்ளவில்லை. உன் நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் ஆறு கோடி தள்ளுபடியான கையால் எதிரியின் தொண்டையைப் பிடிக்கலாமா என்கிறார். அன்று கையை எடுத்தேன். பணம் வரவில்லை, உறவும் பழையபடி ஆகவில்லை. வயிற்றெரிச்சல் மட்டும் போய்விட்டது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அடித்துத் துன்புறுத்துகிறவரோடு போய் மறுபடி வாழச் சொல்வதற்கு இந்த உவமையைப் பிடித்துக்கொண்டு யாரும் வராதீர்கள். கடனைத் தள்ளுவது வேறு, மறுபடியும் பெட்டிச் சாவியைக் கொடுப்பது வேறு.

*

கேள்வி கேட்டிருந்தவன் நான்தான், அக்கா. உணர்வு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி வேளையில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

*

அப்பா அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் இருந்தார், தம்பி. பேச்சு கடைசிவரை திரும்பவில்லை. இடக்கையை மட்டும் கொஞ்சம் தூக்கப் பழகியிருந்தார். காலையில் நான் துடைத்து முடித்ததும் அந்தக் கையை என் தலைமேல் வைப்பார். அழுவதை நிறுத்தியிருந்தார்.