எக்ஸோனிம்: திரிபுப்பெயரா, புறப்பெயரா?

ஐயா, ஒரு இடத்துக்கு அந்த இடத்து மொழியில இல்லாம வேற மொழியில வழங்குற பேரு எக்ஸோனிம் (exonym). நம்ம அகராதியில அதுக்கு 'திரிபுப்பெயர்'னு நீங்க சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. திரிபுன்னு சொன்ன உடனே உள்ளூர்க்காரங்க சொல்றதுதான் அசல், மத்தவங்க வாயில அது கெட்டுப்போச்சுன்னு ஆயிடுது.

வியன்னாவையே எடுத்துக்குங்க. ஜெர்மன்ல வீன். செக்ல வீதென், போலிஷ்லயும் ஸ்லோவாக்லயும் வியெதென், உக்ரைன் மொழியிலயும் வீதென்தான். நடுவுல இந்த 'த' எங்கேருந்து வந்துச்சு? அங்க ஓடுற சின்ன ஆத்துக்கு கெல்ட்டிக் மொழியில வேதுனியான்னு பேரு, காட்டோடைன்னு அர்த்தம், அதுலேருந்துதான் ஊர்ப்பேரே வந்துச்சுங்கிறது பரவலா சொல்ற விளக்கம். ஜெர்மன் பக்கம் அந்த 'த' சீக்கிரமே உதிர்ந்துடுச்சு, 881ஆம் வருஷத்து சால்ஸ்பர்க் ஆண்டுக்குறிப்புலயே வெனியான்னுதான் இருக்கு. ஊருக்காரங்க விட்டுட்ட எழுத்த செக்காரங்களும் போலந்துக்காரங்களும் இன்னிக்கும் சொல்லிட்டிருக்காங்க. இதுல திரிஞ்சது யாரோட பேரு?

செர்பிய, குரோஷிய மொழிகள்ல இன்னும் தூரம், அங்க பெச். ஹங்கேரிக்காரங்களோட பேச்-கூட சேர்ந்த பேரு அது, வீனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அதப் போய் எதோட திரிபுன்னு சொல்றது?

'அயலூர்ப்பெயர்'னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊர்னு வந்துட்டா ஆறு, மலையெல்லாம் என்ன பண்றது? ஸ்லோவேனியன்ல துனாய்னா வியன்னா நகரம், அதே துனாய் செக்லயும் போலிஷ்லயும் டான்யூப் ஆறு, ஸ்லோவேனியாக்காரங்க அந்த ஆத்த தோனவாங்கிறாங்க. ஒரே சொல் ஒரு மொழியில ஊருக்கும் இன்னொரு மொழியில ஆத்துக்கும் புறத்திலேருந்து வெச்ச பேரா நிக்குது, ரெண்டையும் ஒரே கலைச்சொல் தாங்கணும்.

அதனால எக்ஸோனிமுக்கு என் ஓட்டு புறப்பெயர்தான். அதுக்கு எதிரா, அந்த இடத்து மொழியிலயே வழங்குற பேரு எண்டோனிம் (endonym), அதுக்கு அகப்பெயர். அகத்திணை ஒசத்தி புறத்திணை தாழ்த்தின்னு நம்ம மரபுல கிடையாது, ரெண்டும் சமமா நிக்கும், எனக்கு அதுதான் முக்கியம். நாம சொல்ற 'வியன்னா'வும் புறப்பெயர்தானே.

ஆனா வரையறைய சரியா எழுதணும். ஆஸ்திரியாவுல பூர்கன்லாந்துங்கிற மாநிலத்துல குரோஷியர்கள் பல நூறு வருஷமா இருக்காங்க, வியன்னாவுலயும் குடியிருக்காங்க, அவங்களுக்கும் அது பெச்தான். 'வெளிநாட்டார் இட்ட பெயர்'னு எழுதினா அவங்கள வெளிநாட்டாராக்கிடுவோம். ஐ.நா. வரையறையில, அந்த இடத்துல ஆட்சிமொழியாவோ நல்லா வேரூன்றியோ இருக்கிற மொழியில வழங்குற பேரு அகப்பெயர்னு இருக்கு, நாடு, குடியுரிமைன்னு எதுவும் இல்ல. அகராதிப் பதிவுல அதையே தமிழ்ல எழுதிடலாம்னு நினைக்கிறேன், மறுப்பு இருந்தா சொல்லுங்க ஐயா.