ஓங்குத்தன்மையா, ஒடுங்குத்தன்மையா? ஆர்பி மரபணு குறித்து ஓர் ஐயம்

கேள்வி: உயிரியல் ஆசிரியை

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் நடத்தியபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் தெளிவாக விடை சொல்ல முடியவில்லை. ஆர்பி என்னும் கட்டி ஒடுக்கும் மரபணுவின் இரண்டு நகல்களும் பழுதானால்தான் செல் கட்டுப்பாடிழந்து பிரியும் என்றால், அது ஒடுங்குத்தன்மை. ஆனால் அந்த மரபணுவின் பழுதால் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றின் மரபுவழி வகை, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்துவிடுகிறதே, ஒரு நகல் பழுதானாலே வெளிப்படும் ஓங்குத்தன்மையைப் போல; அது எப்படி?

மறுமொழி 1: செல் உயிரியல் ஆய்வாளர்

இரண்டும் உண்மைதான், அம்மா. ஒன்று செல்லைப் பற்றியது. மற்றது குடும்பத்தைப் பற்றியது.

டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்குவதற்கு முன், ஜி1 என்னும் வளர்ச்சி நிலையில், செல் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். படியெடுப்புக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ஈ2எஃப் புரதத்தை அங்கே ஆர்பி மரபணு உருவாக்கும் ஆர்பி புரதம் பிடித்து வைத்திருக்கிறது. வளரச் சொல்லும் குறிப்பு வெளியிலிருந்து வந்தால் சைக்ளின் டி என்னும் புரதம் உருவாகி, சிடிகே4, சிடிகே6 ஆகிய கைனேஸ்களோடு (பாஸ்பேட் ஏற்றும் நொதிகளோடு) சேர்ந்து ஆர்பியின்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. பிடி தளர்கிறது, செல் வாசலைக் கடக்கிறது. ஆர்பியே இல்லாத செல்லில் எந்தக் குறிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நகல் நன்றாக இருந்தாலே போதிய ஆர்பி கிடைத்துவிடும் என்பதால், செல்லின் அளவில் இது ஒடுங்குத்தன்மையே.

ஆனால் பழுதான ஒரு நகலோடு பிறக்கும் குழந்தையின் எல்லாச் செல்களிலும் மிஞ்சியிருப்பது ஒரே நல்ல நகல். குறிப்பிட்ட ஒரு செல் அதையும் இழப்பது மிக அரிது. ஆனால் வளரும் விழித்திரையில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் பல இலட்சம் என்பதால், எங்கோ ஒன்று அதை இழந்துவிடுவது ஏறக்குறைய உறுதி. பழுதைப் பெற்ற குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு நோய் வருவது அதனால்தான்; குடும்பத்தின் அளவில் இது ஓங்குத்தன்மையாகத் தெரிவதும் அதனால்தான். ஆல்ஃபிரட் நட்ஸன் 1971இல் 48 நோயாளிகளின் விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மரபுவழி வகைக்கு இன்னும் ஓர் அடியும் (ஒரு நகல் பழுதாவது ஓர் அடி) மரபுவழியல்லாத வகைக்கு இரண்டு அடிகளும் தேவை என்று கணக்கிட்டுக் காட்டினார். மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1986இல்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மறுமொழி 2: கண் மருத்துவப் பிரிவுச் செவிலியர்

குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் கவலையில்லை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. மரபுவழி வகையிலும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழுது புதிதாகத் தோன்றியதே. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெண்மையாகவும் தெரிவதே பல வீடுகளில் முதல் அறிகுறி. அதைப் ‘பூனைக்கண்’ என்று சொல்லி விட்டுவிடாமல், காலந்தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் உயிரோடு பெரும்பாலும் பார்வையையும் காக்கலாம்.

மறுமொழி 3: புற்றுநோயியல் முதுநிலை மாணவர்

மரபணு பழுதாகாமலே இதே வாசல் திறந்துவிடுவதும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ7 புரதம் ஆர்பியோடு ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஈ6 புரதம், கட்டி ஒடுக்கும் இன்னொரு புரதமான பி53ஐ அழிக்க வழிசெய்கிறது. மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 2015இல் ஒப்புதல் பெற்ற பால்போசைக்ளிப் மருந்து சிடிகே4, சிடிகே6 ஆகியவற்றைத் தடுத்து, ஆர்பியின் பிடி தளராமல் பார்த்துக்கொள்கிறது. ஆர்பியையே இழந்துவிட்ட கட்டியில் இம்மருந்து பயன் தருவதில்லை.

உயிரியல் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பிறக்கும்போது கடத்தப்படுவது நோயன்று, முதல் அடி மட்டுமே என்று இப்போது என்னால் அந்த மாணவிக்குச் சொல்ல முடியும். ஓர் ஐயம் மீதமிருக்கிறது: ஆர்பி எல்லாச் செல்களிலும் இருக்க, முதலில் விழித்திரை மட்டும் பாதிக்கப்படுவது ஏன்?

மறுமொழி 1: செல் உயிரியல் ஆய்வாளர்

பல திசுக்களில் ஆர்பியின் உறவுப் புரதங்களான பி107, பி130 ஆகியவை அதன் வேலையை ஓரளவு ஈடுசெய்கின்றன. விழித்திரையின் கூம்புச் செல் முன்னோடிகளுக்கு அந்த ஈடு போதவில்லை. ஆயினும் பாதிப்பு கண்ணோடு நிற்பதில்லை. மரபுவழி வகையிலிருந்து மீண்டவர்களுக்குப் பின்னாளில் எலும்புப் புற்று வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.