தாதிமை இல்லத்தில் பக்கத்துக் கட்டிலில் ஸ்கேபிஸ்: யாரிடம், என்ன கேட்பது?

ஈசூன்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தை (மாமியார்) பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து இங்கே சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில்தான் இருக்கிறார். இல்லத்தின் பெயர் வேண்டாமே. ஒரே அறையில் எட்டுக் கட்டில். போன வாரம் அங்கிருந்து கணவருக்குத் தொலைபேசி வந்தது. அந்த அறையில் ஒருவருக்கு ஸ்கேபிஸ், நம் ஊர்ப் பேச்சில் சிரங்கு, உறுதியாகிவிட்டது, முன்னெச்சரிக்கையாக எல்லாருக்கும் கிரீம் தடவுகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

சரி என்று விட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை போனபோது பார்த்ததுதான் மனத்தை உறுத்துகிறது. பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு டயப்பர் மாற்றிய பணியாளர், அதே கையுறையோடு இந்தப் பக்கம் வந்து அத்தையின் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார். கட்டில் தலைமாட்டில் கிருமிநாசினிப் புட்டி தொங்குகிறது, ஆனால் அழுத்தினால் காற்றுதான் வருகிறது.

மேலாளரிடம் கேட்டேன். "எங்களுக்கு உரிமம் இருக்கிறது, அமைச்சின் தரநிலைப்படிதான் எல்லாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கணவரோ, அதிகம் கேட்டால் அந்தக் கோபத்தை அம்மாவிடம்தான் காட்டுவார்கள், பேசாமல் இரு என்கிறார். அத்தைக்குப் பேச்சு வராது, அரித்தாலும் சொல்லத் தெரியாது. அந்தத் தரநிலை என்பது என்ன, நாம் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், இல்லை இடத்தையே மாற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணித்_தாதி:

அக்கா, நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், வேறொரு இல்லத்தில். முதலில் ஸ்கேபிஸ் விஷயம், ஏனென்றால் அதில் நாள் தள்ளக்கூடாது.

இது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி, தோலுக்குள் துளை போட்டு முட்டையிடும். முதல்முறை ஒட்டியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்விடும். அதனால்தான் அரிப்பு இல்லாதவர்களுக்கும் ஒரே நேரத்தில் கிரீம் தடவ வேண்டும் என்பது. அந்த அறையில் இருப்பவர்கள், அவர்களைத் தொட்டுத் தூக்கிய பணியாளர்கள், அடிக்கடி வந்து கையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார், எல்லாரும் இதில் அடக்கம். நீங்களும்தான். இல்லத்தில் உங்களிடம் இதைச் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள், சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை, விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள் எதையும் விடாமல் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் பூசச் சொல்வார் டாக்டர். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. அந்த இரண்டாம் முறைக்குத் தேதி குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் கோட்டை விடுவது அங்கேதான். அரிப்பு அதன்பிறகும் இரண்டு, நான்கு வாரம் இருக்கும், அதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அத்தையைப்போல் சொறியவும் முடியாதவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சாதாரணமாக ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். சொறியாமல், நோய் எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் இருந்தால் அது ஆயிரம், லட்சம் என்று பெருகித் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். அப்படி ஒருவர் போதும், மொத்தத் தளத்துக்கும் பரவும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள் இவற்றைக் குளிப்பாட்டும் நேரத்தில் நீங்களே பாருங்கள். "வறண்ட தோல்" என்று மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டே இருந்தால் டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கையுறை விஷயத்தில் நீங்கள் பார்த்தது தப்புதான், சாக்கு கிடையாது. கையுறை போட்டிருக்கிறவரைக் காக்கும், அடுத்த கட்டிலில் இருப்பவரைக் காக்காது. ஒரு கட்டில் முடிந்ததும் கழற்றிப் போட்டு, கை சுத்தம் செய்து, அப்புறம்தான் அடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பிறகும் மட்டுமல்ல, அவர் கட்டில், மேசை, திரைச்சீலையைத் தொட்ட பிறகும் கை சுத்தம் செய்வது உண்டு. இன்னொன்று, அந்தப் புட்டி நிறைந்திருந்தாலும் ஸ்கேபிஸுக்கு அது போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். வயிற்றுப்போக்கு பரப்பும் நோரோவைரஸுக்கும் அப்படியே. வாசலில் இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற வருகையாளர்கள் தினமும் வருகிறார்கள்.

புக்கிட்பாத்தோக்_அண்ணன்:

உரிமம் இருக்கிறது என்ற பதிலைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உரிமம் இல்லாமல் இங்கே எந்தத் தாதிமை இல்லமும் நடத்த முடியாது, அதில் என்ன பெருமை? முன்பு தனியார் மருத்துவமனைகள், மருந்தகங்கள் சட்டத்தின்கீழ் இருந்தது, 2023 டிசம்பரிலிருந்து 2020ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. அதற்கு முன்பே 2015 ஏப்ரலில் மேம்பட்ட தாதிமை இல்லத் தரநிலைகள் நடப்புக்கு வந்தன, மருத்துவப் பராமரிப்பு, சமூகப் பராமரிப்பு, நிர்வாகம் என்று மூன்று பகுதியாக. இதெல்லாம் குறைந்தபட்சம். வாகனம் ஓட்ட உரிமம் வைத்திருப்பவரெல்லாம் ஒழுங்காக ஓட்டுகிறார்களா என்ன?

அதனால் தரநிலையைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்காதீர்கள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே வராது. தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான தாதி யார், கை சுத்தத்தை யார் கவனித்துப் பதிவு செய்கிறார், இந்த அறையில் முதல் ஆள் என்றைக்குக் கண்டுபிடிக்கப்பட்டார், அதன்பிறகு யார் யாருக்கு மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் இடத்தில் இதற்குக் கையோடு பதில் இருக்கும். வாயால் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள், நன்றி சொல்லியே தொடங்குங்கள், தேதியும் நேரமும் இருக்கட்டும், பணியாளர் பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணை மாட்டிவிடுவதால் கையுறைப் பழக்கம் மாறாது.

நேராகச் சுகாதார அமைச்சுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. தாதியர் பொறுப்பாளர், பிறகு இல்லத்தின் தலைமை, அங்கும் நகரவில்லை என்றால் அமைச்சு.

கிழக்குக்கரை:

அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். மின்னஞ்சல் எழுதத் தெரிந்த மருமகள் இருக்கும் வீட்டுக்கு அது சரி. அந்த அறையில் யாருமே வந்து பார்க்காத பாட்டிகள் இருப்பார்கள், அவர்களுக்கு யார் எழுதுவது? தலைமை அசையவில்லை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அமைச்சுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கணவர் பயப்படுவது புரிகிறது. எங்கள் அப்பா மருத்துவமனையிலிருந்து எம்ஆர்எஸ்ஏ கிருமியோடு, அதாவது பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமியோடு, இல்லத்துக்குத் திரும்பினார். தோலிலும் மூக்கிலும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, நோய் எதுவும் இல்லை. ஆனாலும் ஓர் ஓரக் கட்டிலில் போட்டு, விளையாட்டு, பாட்டு, உடற்பயிற்சி எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கிவிட்டார்கள். அப்பா அங்கே வாடிப்போனார். புண்ணை மூடி வைத்து, கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பொது இடத்தில் உட்காரலாமே என்று நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் மாற்றினோம். ஆக, பாதுகாப்பு என்ற பெயரில் அத்தையை ஓரம் கட்டுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டதால் அப்பாவிடம் யாரும் முகம் சுளித்ததில்லை, முன்பைவிட விளக்கமாகத்தான் பேசினார்கள்.

அத்தைக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்களா? அந்தப் பை தரையில் படாமல், சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். இந்த வருடச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

ஈசூன்_மருமகள்:

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நாங்களும் மருந்து போட வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை! குழாய் இல்லை, டயப்பர்தான். மின்னஞ்சலை எழுதிக் கணவரிடம் காட்டினேன், ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பு என்றார். இரண்டு கேள்வி. வீட்டில் ஐந்து மாதப் பேரக்குழந்தை இருக்கிறது, கிரீம் போடலாமா? அத்தையின் கம்பளிச் சால்வையைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன், என்ன செய்வது? இடம் மாற்றுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணித்_தாதி:

இப்போது மாற்றாதீர்கள் அக்கா. மானியத்தோடு இருப்பவர் என்றால் ஏஐசி (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) வழியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அது ஒரு பக்கம். சிகிச்சை முடியாமல் கிளம்பினால் பூச்சியும் கூடவே போகும். இரண்டாம் முறைக் கிரீம் முடிந்து, தோலை டாக்டர் பார்த்து, மின்னஞ்சலுக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பெர்மெத்ரின் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் போடலாம், ஆனால் நீங்களாகப் போடாமல் பலதுறை மருந்தகத்திலோ குழந்தை டாக்டரிடமோ காட்டிவிட்டுச் செய்யுங்கள், வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூசிக்கொள்வதுதான் முறை. பணிப்பெண் இருந்தால் அவரையும் விட்டுவிடாதீர்கள்.

சால்வையை உதறாதீர்கள். பூச்சி உடம்பைவிட்டு இரண்டு மூன்று நாளுக்குமேல் உயிரோடு இருக்காது, அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் பால்கனியில் வைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, நைட்டி எல்லாம் 60 டிகிரி வெந்நீர்த் துவைப்பு. இல்லத்தில் அத்தையின் துணி தனிப் பையில் போகிறதா, மற்றவர்கள் துணியோடு கலக்கிறதா என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.